ஒட்ட வேண்டிய எலும்பும் ஒட்டக்கூடாத எலும்பும்

திருமுல்லைவாயிலில் இருந்து ஒரு வாசகி வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதியிருந்தார். சுருக்கித் தருகிறேன்.

"மேடம், என் பொண்ணுக்கு 15 வயசு முடிஞ்சிடுச்சு. போலீஸ் ஆகணும்னு ஒரே பிடிவாதம். ஆவடி பக்கம் போறப்பல்லாம் கிரவுண்டுல பொண்ணுங்க ஓடறதைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசை. 153 சென்டிமீட்டர்தான் இருக்கா. 159 வேணுமாம். வயசுக்கு வந்து மூணு வருஷம் ஆச்சு. மூணு மாசம் குடிச்சா வளரும்னு ஒரு பவுடர் சொல்றாங்க, ஆறாயிரம் ரூபாய். வாங்கிக் கொடுக்கலாமா? கம்பியில தொங்கச் சொல்றோம், தொங்கறா. பெரியவன் எஸ்டேட்ல சி.என்.சி. மெஷின்ல இருக்கான், 23 வயசு. அவனுக்கும் காலைல எந்திரிச்சா இடுப்பு பிடிச்சுக்குது, ஒரு மணி நேரம் நடமாடினா சரியாயிடுது. அதுக்கும் ஏதாவது எக்சர்சைஸ் இருந்தா சொல்லுங்க."

அம்மாவின் கவலையெல்லாம் பெண்ணின் உயரத்தில் இருக்கிறது. பையன் விஷயம் கடைசியில், போகிறபோக்கில் வருகிறது. எனக்கு அந்தக் கடைசி வரிதான் திக்கென்றது. ஆனாலும் கேட்ட வரிசையிலேயே பதில் சொல்கிறேன். இரண்டு கேள்விக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்தான்: எலும்பும் எலும்பும் ஒட்டிக்கொள்வது.

முதலில் பெண்ணின் உயரம்.

நம் கை, கால்களில் உள்ள நீள எலும்புகள் நுனியில்தான் வளர்கின்றன. ஒவ்வொரு நுனிக்கும் கொஞ்சம் உள்ளே, குருத்தெலும்பால் ஆன ஒரு மெல்லிய தட்டு இருக்கும். வளர்ச்சித் தட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள செல்கள் பெருகப் பெருக, பின்பக்கம் அவை எலும்பாக மாறிக்கொண்டே வரும். குழந்தையின் எக்ஸ்ரேயைப் பார்த்தால் முழங்காலுக்கு மேலும் கீழும் ஒரு கறுப்புக் கோடு தெரியும். எலும்பு உடைந்துவிட்டது என்று பயந்துபோய் என்னிடம் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்த அப்பாக்கள் உண்டு. அது உடைசல் இல்லை, வளர இன்னும் இடம் இருக்கிறது என்பதற்கான அடையாளம்.

பருவ வயது வந்ததும் உயரம் வேகம் பிடிக்கும். அதே சமயம் அந்தத் தட்டு மெல்ல மெல்ல எலும்பாக மாறி, நுனியும் தண்டும் ஒன்றாக ஒட்டிவிடும். பெண்களுக்குப் பெரும்பாலும் 14 முதல் 16 வயதுக்குள், ஆண்களுக்கு 16 முதல் 18 வயதுக்குள் கால் எலும்புகளில் இந்த வேலை முடிந்துவிடும். ஒருமுறை ஒட்டிவிட்டால் திறக்காது. பவுடர், மாத்திரை, கம்பியில் தொங்குவது, ஸ்கிப்பிங் எதுவும் அதைத் திறக்க முடியாது.

ஒட்ட வைப்பது யார் என்று பார்த்தால், ஈஸ்ட்ரோஜன். ஆண்களுக்கும் அதே ஈஸ்ட்ரோஜன்தான்! இது உறுதியாகத் தெரிய வந்ததே 1994-ல்தான். அமெரிக்காவில் 28 வயது ஆண் ஒருவரைப் பரிசோதித்தார்கள். அப்போதே 204 செ.மீ. உயரம், இன்னும் வளர்ந்துகொண்டே இருந்தார். எக்ஸ்ரே எடுத்தால் வளர்ச்சித் தட்டுகள் சிறுவனுடையதைப் போலத் திறந்தே இருந்தன. அவருடைய ஆண் ஹார்மோனில் குறை ஒன்றும் இல்லை. ஈஸ்ட்ரோஜன் சொல்வதை அவர் உடம்பு கேட்கவில்லை, அவ்வளவுதான். பெண்கள் சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் நிற்பதற்கும், நேரமே வயதுக்கு வந்த பெண் குழந்தை வகுப்பிலேயே உயரமாக இருந்துவிட்டு, கடைசியில் எல்லாரையும்விடக் குட்டையாக நிற்பதற்கும் காரணம் இதுதான்.

பூப்பெய்திய பிறகு ஒரு பெண் பொதுவாக 5 முதல் 7 செ.மீ. வரை வளர்வாள். அதில் பெரும்பகுதி முதல் இரண்டு வருடத்தில் வந்துவிடும். சகோதரி, உங்கள் பெண்ணுக்கு மூன்று வருடம் ஆகிவிட்டது. இன்னும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வரலாம். ஆறு சென்டிமீட்டர் என்பது எனக்கு நம்பிக்கையாகத் தெரியவில்லை. இடது மணிக்கட்டுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துக் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். தட்டு திறந்திருக்கிறதா, மூடிவிட்டதா என்று அவர் சொல்லிவிடுவார். எக்ஸ்ரே சில நூறு ரூபாய். பவுடர் ஆறாயிரம். இந்தக் கணக்கு உங்களுக்கே தெரியும். வாங்க வேண்டாம்.

காலை உடைத்து நீட்டும் ஆபரேஷன் ஒன்று இருக்கிறது என்று யூடியூப் பார்த்துவிட்டு யாராவது சொல்வார்கள். அது ஒரு கால் குட்டையாகப் போனவர்களுக்காக வந்த சிகிச்சை. மாதக்கணக்கில் வலி, தொற்று அபாயம். போலீஸ் வேலைக்காக அதை யோசிக்கவே வேண்டாம். இன்னொன்று, பெண்ணின் ஆசை காக்கி உடையா, அரசு வேலையா என்று உட்கார்ந்து பேசிப் பாருங்கள். இளநிலை உதவியாளருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் யாரும் உயரம் அளப்பதில்லை. காக்கிதான் வேண்டும் என்றால் அது வேறு கதை, அவள் அழுவாள். அழட்டும். 15 வயதில் உண்மை தெரிந்து அழுவது, 21 வயதில் மைதானத்தில் அளவுகோலுக்குக் கீழே நின்று அழுவதைவிடத் தேவலை.

இந்த மணிக்கட்டு எக்ஸ்ரே இன்னும் பல இடங்களில் சாட்சி சொல்லப் போகிறது. கிரிக்கெட்டில் 16 வயதுக்கு உட்பட்டோர் போட்டிக்கு வரும் பையன்கள் உண்மையில் எத்தனை வயது என்று பார்க்க பி.சி.சி.ஐ. 2012 முதல் மணிக்கட்டு எலும்பை வைத்துக் கணக்குப் போடும் முறையைக் கொண்டுவந்தது. மீசை முளைத்துக் கன்னம் ஒட்டிப்போனவர்கள் 'அண்டர் 16' என்று வந்து நின்றதை மைதானத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும் ஏன் என்று!

கோர்ட்டிலும் இது வரும். பிடிபட்ட பையன் 18 வயதுக்குக் கீழா, மேலா என்ற கேள்வி வந்தால், 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-வது பிரிவுப்படி முதலில் பள்ளிச் சான்றிதழ், அது இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி தந்த பிறப்புச் சான்றிதழ், அதுவும் இல்லையென்றால்தான் எலும்புச் சோதனை. ஏன் கடைசியில்? எலும்பு தேதி சொல்லாது, தோராயம்தான் சொல்லும். இந்தச் சோதனையில் இரண்டு வருடம் முன்னே பின்னே இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லியிருக்கிறது. அதனால் பிறப்புச் சான்றிதழைப் பீரோவில் பத்திரமாக வையுங்கள். இது பிசியோதெரபி ஆலோசனை இல்லை, அம்மாவாகச் சொல்கிறேன்.

பிறந்த குழந்தைக்கு 270-க்கும் மேல் எலும்புகள். 300 என்று எழுதுகிறவர்களும் உண்டு. குருத்தெலும்பாக இருப்பதில் எதையெல்லாம் எலும்பென்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. பெரியவர்களுக்கு 206. மிச்சம் எங்கே போயிற்று? எங்கேயும் போகவில்லை, பக்கத்தில் இருப்பதோடு ஒட்டிவிட்டது. இடுப்பு எலும்பு பக்கத்துக்கு மூன்றாக இருந்து ஒன்றாகும். முதுகின் அடியில் முக்கோணமாக இருக்கும் சேக்ரம், ஐந்து முள்ளெலும்புகள் சேர்ந்து ஆனது. எல்லாவற்றுக்கும் கடைசியாக ஒட்டுவது காறை எலும்பின் உள்முனை, தொண்டைக்குழிக்குப் பக்கத்தில். இருபதுகளின் நடுவில், சிலருக்கு இன்னும் தாமதமாக. கல்யாணம் ஆகிப் பிள்ளை பெற்ற பிறகும் சிலருக்கு ஒரு எலும்பு ஒட்டிக்கொண்டிருக்கும்!

குழந்தையின் உச்சிக்குழி எல்லா வீட்டிலும் தெரிந்த விஷயம். பாட்டி எண்ணெய் வைத்துத் தடவும் இடம். மண்டையோட்டு எலும்புகள் தனித்தனித் தகடுகளாக இருப்பதால்தான் குழந்தை பிறப்பு வழியில் நெருக்கி வர முடிகிறது, பிறகு மூளை வளர இடமும் கிடைக்கிறது. முன் உச்சிக்குழி பெரும்பாலும் ஒன்றிலிருந்து ஒன்றரை வயதுக்குள் மூடும், இரண்டு வயது வரையும் போகலாம். எண்ணெய் வைத்தால் சீக்கிரம் மூடும் என்பதெல்லாம் இல்லை. வயிற்றுப்போக்கு நேரத்தில் அந்தக் குழி உள்ளே அமுங்கியிருந்தால் உடம்பில் நீர் வற்றுகிறது என்று அர்த்தம். காய்ச்சலோடு புடைத்துக்கொண்டு இருந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. தகடுகள் காலத்துக்கு முன்பே ஒட்டிக்கொண்டால் தலை ஒரு பக்கமாக, அல்லது படகு மாதிரி நீளமாக வளரும். 'படுக்க வைத்ததில் அப்படி ஆகிவிட்டது' என்று பல நேரம் உண்மையிலேயே இருக்கும். ஆனால் அதை டாக்டர் சொல்லட்டும். முதல் சில மாதங்களிலேயே காட்டிவிட்டால், ஆபரேஷன் தேவைப்பட்டாலும் சுலபம்.

வயிற்றுக்குள்ளேயே ஒட்ட வேண்டியவையும் உண்டு. மேலுதடு இரண்டு பக்கத்திலிருந்தும் நடுவுக்கு வந்து ஆறு, ஏழாவது வாரத்தில் ஒட்டுகிறது. அண்ணம் அதற்குப் பிறகு. ஒட்டாமல் விட்டால் உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு. கிரகணத்தன்று கர்ப்பிணி வெளியே வந்ததால், காய் நறுக்கியதால் என்று இன்றைக்கும் மருமகள் மேல் பழி போடுகிற வீடுகள் நம் பக்கத்தில் இருக்கின்றன. ஆறாவது வாரத்தில் பல பெண்களுக்குத் தான் கர்ப்பம் என்பதே அப்போதுதான் தெரிந்திருக்கும். எந்தக் கிரகணத்தைக் கண்டாள் அவள்? முதுகுத்தண்டாகப் போகிற குழாய் அதற்கும் முன்பே, கரு உருவாகி 28 நாளுக்குள் மூடிக்கொள்ள வேண்டும். அதற்கு ஃபோலிக் ஆசிட் உதவுகிறது. கர்ப்பம் உறுதியான பிறகு தொடங்கினால் அந்த 28 நாள் போய்விட்டிருக்கும். குழந்தைக்குத் திட்டமிடும் மாதத்திலிருந்தே டாக்டரைக் கேட்டுச் சாப்பிட ஆரம்பியுங்கள்.

இதுவரை சொன்னது, ஒட்ட வேண்டியவை.

இனி பெரியவன். '23 வயசு. காலைல இடுப்பு பிடிச்சுக்குது. நடந்தா சரியாயிடுது.'

இந்த மூன்று வாக்கியத்தை 1999-ல் என் தம்பி என்னிடம் சொன்னான். அவனுக்கு அப்போது 22 வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் லேத் மெஷின். நான் பிசியோதெரபி படித்து முடித்து மூன்று வருடம் ஆகியிருந்தது. வீட்டிலேயே ஸ்பெஷலிஸ்ட் இருக்கிறாள் என்று அம்மாவுக்குப் பெருமை.

"நாள் பூரா லேத்துல நின்னா இடுப்பு வலிக்காம என்னடா பண்ணும்?" என்றேன். இடுப்புக்கு பெல்ட் வாங்கிக் கொடுத்தேன். ஒத்தடம், டிராக்‌ஷன், கரன்ட் வைத்தியம் எல்லாம் செய்தேன். முக்கியமாக, "லீவு போட்டு ரெஸ்ட் எடு" என்றேன். அவன் ரெஸ்ட் எடுத்தால் வலி அதிகமானது. விடியற்காலை மூன்று, நாலு மணிக்கு வலியில் எழுந்து கூடத்தில் நடப்பான். "அக்கா, வேலைக்குப் போனாத்தான் நல்லா இருக்கு" என்பான். எனக்கு அது சோம்பேறித்தனத்துக்கு நேர் எதிரான ஏதோ நல்ல குணமாகப் பட்டதே தவிர, ஒரு நோயின் அறிகுறியாகப் படவில்லை. ஒரு டாக்டர் டிஸ்க் என்றார். ஒருவர் வாயு என்றார். இன்னொருவர் கல்யாணம் பண்ணி வையுங்கள் என்றார். பாடியில் ஒருவரிடம் எண்ணெய் தடவி நீவிவிடப் போனோம்.

2006-ல் ஒரு நாள் அவனுக்குக் கண் சிவந்தது. வெளிச்சம் பார்க்க முடியாமல் கூசியது, வலித்தது. மெட்ராஸ் ஐ என்று நினைத்து மூன்று நாள் விட்டுவிட்டு, பிறகு கண் டாக்டரிடம் போனோம். அவர் கண்ணைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து, "தம்பி, உங்களுக்கு முதுகு வலி உண்டா? காலையில் இறுக்கமாக இருக்குமா?" என்று கேட்டார். ஏழு வருடமாக யாரும் கேட்காத கேள்வி. அவன் அக்காவும் கேட்கவில்லை.

நோயின் பெயர் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். ஆங்கிலத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. வளைந்தது, விறைத்தது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நம் ஊரில் எல்லாக் கழுத்து வலிக்கும் ஸ்பாண்டிலைட்டிஸ் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். அது வயதானால் வரும் தேய்மானம். இது வேறு. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டையே தாக்குகிறது. முதலில் இடுப்பு எலும்பும் சேக்ரமும் சேரும் இடத்தில் வீக்கம். ஆறும்போது அங்கே புது எலும்பு முளைக்கிறது. அப்படியே மேலே ஏறி, முள்ளெலும்புக்கும் முள்ளெலும்புக்கும் இடையே பாலம் போட்டு, பல வருடத்தில் முதுகு முழுவதும் ஒரே எலும்பாகிவிடலாம். எக்ஸ்ரேயில் கணுக்கணுவாகத் தெரிவதால் டாக்டர்கள் 'மூங்கில் முதுகு' என்பார்கள். பெயர் பொருத்தமில்லை, மூங்கிலாவது வளையும்.

பழைய நோய்தான். பெர்னார்ட் கானர் என்ற ஐரிஷ் மருத்துவர் 1690-களிலேயே, முள்ளெலும்புகளும் விலாவும் இடுப்பும் ஒரே எலும்பாகிப்போன ஓர் எலும்புக்கூட்டைப் பற்றி எழுதியிருக்கிறார். ஹெச்.எல்.ஏ. பி27 என்ற மரபணுவோடு இதற்குத் தொடர்பு இருப்பது 1973-ல் தெரிந்தது. ஆனால் அந்த மரபணு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதில்லை. அதனால் ரத்தப் பரிசோதனையில் 'பாசிட்டிவ்' என்று பார்த்ததும் வீட்டில் துக்கம் கொண்டாட வேண்டாம்.

தம்பியின் எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் வைத்தபோது, இடுப்பு மூட்டு இருக்க வேண்டிய இடத்தில் கோடே இல்லை. இரண்டு பக்கமும் ஒட்டிவிட்டிருந்தது. கழுத்தில் பாலம் ஆரம்பித்திருந்தது. என் கையால் டிராக்‌ஷன் போட்டு இழுத்த முதுகு அது. ராத்திரி வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

அவனுக்கு இப்போது கழுத்து திரும்பாது. பின்னாலிருந்து கூப்பிட்டால் உடம்போடு திரும்புவான். தெரியாதவர்கள் திமிர் என்று நினைப்பார்கள். ஆனால் இடுப்புக்கு மேலே நடு முதுகு கொஞ்சம் அசைகிறது, நிமிர்ந்து நிற்கிறான், வேலைக்குப் போகிறான், இரண்டு பிள்ளைகள். மருந்தும் தினசரி உடற்பயிற்சியும் 2006-லாவது தொடங்கியதால்தான் இது. 1999-ல் தொடங்கியிருந்தால் என்று நான் யோசிப்பதை அவன் விரும்புவதில்லை. "விடுக்கா, அதர்டனுக்கே இருந்துச்சு" என்பான். அது உண்மை. இங்கிலாந்து கேப்டன் மைக் அதர்டனுக்கு இதே நோய். 1995-ல் ஜோகன்னஸ்பர்க்கில் பத்து மணி நேரத்துக்கும் மேல் நின்று, 492 பந்துகள் ஆடி, 185 ரன்னோடு அவுட் ஆகாமல் டெஸ்ட்டைக் காப்பாற்றியது அந்த முதுகுதான். தம்பிக்கு அந்த ஸ்கோர் கார்டு மனப்பாடம்.

சரி, எப்படிச் சந்தேகப்படுவது? சாதாரண இடுப்பு வலி வேலை செய்தால் கூடும், படுத்தால் குறையும். இது தலைகீழ். படுத்தால் கூடும், நடமாடினால் குறையும். 45 வயதுக்குள் தொடங்கி, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் இறுக்கம் இருந்தால், ராத்திரியின் பின்பாதியில் எழுப்பிவிட்டால், புட்டத்தில் இந்தப் பக்கம் ஒரு நாள் அந்தப் பக்கம் ஒரு நாள் வலித்தால், வாதநோய் நிபுணரைப் பாருங்கள். குதிகால் வலி, திடீர்க் கண் சிவப்பு, சொரியாசிஸ் சேர்ந்திருந்தால் இன்னும் சந்தேகம். நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு 'காலை' என்பது சாயங்காலம் ஐந்து மணி, அதையும் கணக்கில் வையுங்கள். பெண்களுக்கு வராது என்பது தவறு, வரும். பிரசவத்துக்குப் போட்ட ஊசியால் வந்த இடுப்பு வலி என்று சொல்லியே பலருக்குத் தள்ளிப்போகிறது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று விட்டுவிடவும் கூடாது. எக்ஸ்ரேயில் தெரியச் சில வருடம் பிடிக்கலாம், எம்.ஆர்.ஐ.யில் அதற்கு முன்பே தெரியும்.

நம் பக்கத்து மக்களுக்கு வழி சுலபம். ஆவடி லோக்கலில் ஏறினால் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ். ரோட்டைக் கடந்தால் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, அதாவது நம் ஜி.ஹெச். அங்கே வாதநோய்க்கென்றே தனித் துறை இருக்கிறது. காலையில் சீக்கிரம் போங்கள், பழைய எக்ஸ்ரே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். வீக்கம் குறைக்கும் மாத்திரைகளில் பலருக்குக் கட்டுப்படும். படாதவர்களுக்கு ஊசி மருந்துகள் உண்டு. ஒரு காலத்தில் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. 2014 கடைசியில் இந்தியாவிலேயே தயாரான அடாலிமுமாப் வந்த பிறகு கொஞ்சம் இறங்கியது. அந்த ஊசிக்கு முன் காசநோய் இருக்கிறதா என்று கட்டாயம் பார்ப்பார்கள். சலித்துக்கொள்ளாதீர்கள், உள்ளே தூங்கும் கிருமியை அந்த மருந்து எழுப்பிவிடும்.

மருந்தோடு உடற்பயிற்சி. எந்த நிலையில் ஒட்டினாலும் நிமிர்ந்த நிலையில் ஒட்டட்டும் என்பதுதான் அதில் பாதி. தலையணை தாழ்வாக. கவிழ்ந்து படுப்பது தினம் கொஞ்ச நேரம். மூச்சை நன்றாக இழுத்து விடுவது, விலா மூட்டுகளும் ஒட்டக்கூடியவை. சிகரெட்டை விட்டே ஆக வேண்டும். ஒரே ஒரு விஷயம் செய்யவே கூடாது: சலூனில் முடி வெட்டிய பிறகு கழுத்தைப் பிடித்து 'சொடுக்கு' எடுப்பார்களே, அது. ஒட்டிய கழுத்து சாக்பீஸ் மாதிரி, சின்ன அதிர்ச்சியில் உடைந்து தண்டுவடத்தை நசுக்கிவிடும். பைக்கிலிருந்து லேசாக விழுந்து புதிதாகக் கழுத்து வலித்தாலும் சும்மா இருந்துவிடக் கூடாது.

முதுகு விறைத்தவர்கள் எல்லாருக்கும் இதே நோய் என்றும் நினைக்க வேண்டாம். சில வருடம் முன் பூந்தமல்லியில் மகன் வீட்டுக்கு வந்திருந்த ஒரு பெரியவரை அழைத்து வந்தார்கள். குனிய முடியாது, தரையில் உட்கார முடியாது. பல்லில் பழுப்புக் கறை. "சொந்த ஊர் எதுங்கய்யா?" என்றேன். பென்னாகரம் பக்கம் என்றார். விஷயம் புரிந்துவிட்டது. ஃபுளோரைடு. கிணற்று நீரில் அது அதிகமாக இருந்து வருடக்கணக்கில் குடித்தால் எலும்பில் ஏறி, தசைநார்களும் எலும்பாகி முதுகு விறைத்துப்போகும். இதை முறையாகக் கண்டுபிடித்து எழுதியதில் நம் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. 1937-ல் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டின் ஷார்ட்டும், அவரோடு மெக்ராபர்ட், பார்னார்ட், மன்னாடி நாயர் ஆகியோரும், அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்து மக்களைப் பரிசோதித்து எழுதினார்கள். இந்தப் பார்னார்டின் பெயரில்தான் ஜி.ஹெச். வளாகத்தில் 1934-ல் தொடங்கிய எக்ஸ்ரே நிலையம் இருக்கிறது. தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது. கொதிக்க வைத்தால் போகாது, நீர் ஆவியாகி இன்னும் செறிவாகும். தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தது இதற்காகத்தான். அந்தப் பெரியவரின் முதுகுக்கு அது ரொம்பத் தாமதம். பேரப் பிள்ளைகளுக்கு ஆகும்.

திருமுல்லைவாயில் சகோதரிக்கு இதையெல்லாம் எழுதும் முன்பே போன் செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வந்தார்கள். பையனைச் சுவரோரம் குதிகாலும் முதுகும் ஒட்டி நிற்க வைத்தேன். பின்னந்தலை சுவரைத் தொட்டது. மூச்சை இழுத்தால் நெஞ்சு நன்றாக விரிந்தது. கீழ் முதுகு குனியும்போது மட்டும் நான் எதிர்பார்த்த அளவு நீளவில்லை. இரண்டு வருடமாக இருக்கிறதாம், சூப்பர்வைசர் கோவித்துக்கொள்வார் என்று யாரிடமும் சொல்லவில்லை. என் தம்பியை வரச் சொல்லியிருந்தேன். அவன் பையனுக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, "கழுத்தை லெஃப்ட்ல திருப்புப்பா. ரைட்ல. மேல பாரு" என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, அவன் திருப்பினான். முழுசாகத் திரும்பியது. தம்பி என்னைப் பார்க்க உடம்போடு திரும்பி, "நல்லா இருக்குக்கா" என்றான்.

திங்கட்கிழமை ஜி.ஹெச். போய்விட்டார்கள். ரத்தம் கொடுத்தாயிற்று, எம்.ஆர்.ஐ.க்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். ரிசல்ட் என்னவென்று இன்னும் தெரியாது. வேறு ஏதாவதாகவும் இருக்கலாம்.

பெண்ணையும் அளந்தேன். 153.5. அவளிடம் வளர்ச்சித் தட்டைப் பற்றிப் படம் போட்டுச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள், அழவில்லை. வாசல் வரை போய்த் திரும்பி வந்து, "ஆன்ட்டி, காலைல படுத்து எழுந்த உடனே அளந்தா ஒரு சென்டிமீட்டர் கூட வருமாமே?" என்று கேட்டாள். வரும் என்றேன். டிஸ்க்கில் நீர் ஏறுவதால், சாயங்காலத்துக்குள் இறங்கிவிடும். "அப்போ இன்னும் நாலரைதான்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.